விடுதலை மணி: ஒரு சந்தை வெளியிட்ட ஆண்டு மலர்

பள்ளிக் கட்டட நிதிக்கு ஒரு மலர், கோயில் குடமுழுக்குக்கு ஒரு மலர், மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் என்று வெளியிடும் வழக்கம் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்க்குப் புதிதன்று. மலர்க்குழு என்று நாலைந்து பேர் கூடுவர். அவர்களுள் ஒருவரேனும் தமிழாசிரியராக இருப்பார். கட்டுரை வேண்டி மடல் எழுதுவதும், வாராத கட்டுரைக்காக வாயில்தோறும் நடப்பதும், விளம்பரம் திரட்டுவதும், இரவில் கண் விழித்து அச்சுப்பிழை திருத்துவதும் அவர்தம் பணிகள். இவற்றுக்கு ஊதியம் இல்லை. மலர் வெளிவந்த பின், "இதனால் மிஞ்சியது எவ்வளவு?" என்னும் கேள்வி மட்டும் தவறாமல் எழும். கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். "இத்துணைப் பாடுபட்டு இவ்வளவுதானா? நேரே நன்கொடை தண்டியிருக்கலாமே!" என்பாரும் உளர்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், ஊதியம் பெறாத பெண்டிர் சிலர் ஓர் அறத்தின் பொருட்டு ஆண்டு மலர் ஒன்றை வெளியிட்டு வந்தனர். ‘விடுதலை மணி’ என்பது அதன் பெயர். 1839 முதல் 1858 வரை அதன் 15 தொகுதிகள் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டது பேர்பெற்ற பதிப்பகம் ஒன்றன்று. 1840-களின் தொகுதிகளில் முகப்பேட்டை நோக்கினால், பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தையின் பெயரே காணப்படும். சந்தை ஒன்று நூல் வெளியிட்ட வரலாற்றையும், அந்நூல் ஈட்டியது என்ன, ஈட்டத் தவறியது என்ன என்பதனையும் ஈண்டு காண்போம்.

காலமும் களமும்

1840-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 25 இலக்கம் பேர் அடிமைகளாக இருந்தனர். 1860-இல் அத்தொகை 40 இலக்கத்தை நெருங்கிற்று. இவர்கள் தென்மாநிலங்களில் பருத்தியும் புகையிலையும் கரும்பும் நெல்லும் விளைவித்தனர். தாயிடமிருந்து சேயைப் பிரித்து விற்பதற்கும், எழுத்தறிவித்தவரைத் தண்டிப்பதற்கும் அம்மாநிலங்களின் சட்டம் இடந்தந்தது.

பாஸ்டன் நகரம் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ளது. அங்கே அடிமைமுறை 1780-களிலேயே நீதிமன்றத் தீர்ப்புகளால் மறைந்துவிட்டது. எனினும் அந்நகர வணிகரின் செல்வம் தென்னாட்டுப் பருத்தியோடு பிணைந்து கிடந்தது. வடக்கே நெசவாலைகள் சுழன்றது தெற்கே அடிமைகள் பறித்த பஞ்சினால்தான். ஆகவே, அடிமைமுறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று கூறியவர்களை நகரத்துப் பெருமக்கள் கலகக்காரர் என்றே கருதினர். வில்லியம் லாயிட் கேரிசன் என்பார் 1831-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று ‘விடுதலையாளர்’ என்னும் பொருள்படும் பெயரில் கிழமை இதழ் ஒன்றைத் தொடங்கியபோது அவருக்கு ஆதரவாளரைவிடப் பகைவரே மிகுதி.

1833-ஆம் ஆண்டு பாஸ்டன் மகளிர் அடிமை ஒழிப்புச் சங்கம் தோன்றிற்று. அதில் வெள்ளை மகளிரும் கறுப்பின மகளிரும் ஒருங்கே உறுப்பினராயினர். அக்காலத்தில் அதுவே பெருந்துணிவாகும். சங்கத்திற்கு நேர்ந்த சோதனையும் சிறிதன்று. 1835 அக்டோபர் 21-ஆம் நாள் அவர்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது பெருங்கும்பல் ஒன்று மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டது. ஜார்ஜ் தாம்சன் என்னும் ஆங்கிலேயச் சொற்பொழிவாளரைப் பிடிப்பதே அதன் நோக்கம். அவர் அங்கு இல்லை. கும்பல் கேரிசனைப் பற்றிக் கயிற்றால் கட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. அவருடைய உயிரைக் காக்க நகர அதிகாரிகள் அவரைச் சிறையில் வைக்க வேண்டியதாயிற்று. மண்டபத்தை விட்டு அகலுமாறு நகரத் தலைவர் மகளிரை வேண்டினார். அவர்கள் வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவருமாகக் கைகோத்து, இருவர் இருவராய்க் கும்பலின் நடுவே நடந்து வெளியேறினர் என்பர். சென்ற இடம், மரியா வெஸ்டன் சாப்மன் என்னும் அம்மையாரின் இல்லம். கூட்டத்தின் எஞ்சிய அலுவல்கள் அங்கே நடந்தேறின.

இந்தச் சாப்மன் அம்மையாரே ‘விடுதலை மணி’யின் ஆசிரியர். 1806-இல் பிறந்தவர், கடலோரச் சிற்றூராகிய வேமத்தைச் சார்ந்தவர், வணிகர் ஒருவரை மணந்தவர். அவருக்குத் தங்கையர் ஐவர். அவர்களும் இப்பணியில் தோள்கொடுத்தனர். ஆயினும் மலரின் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ‘விடுதலையின் நண்பர்கள்’ என்ற பொதுப்பெயரே இருந்தது.

ஊசியும் நூலும்

சங்கம் இயங்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு அந்நாளில் வாக்குரிமை இல்லை. மணமான பெண்ணுக்குச் சொத்தின்மேல் உரிமையும் பெரும்பாலும் இல்லை. அவர்தம் கையில் இருந்தவை ஊசியும் நூலும் அடுப்புமே. அவற்றையே கருவியாகக் கொண்டனர். லிடியா மரியா சைல்ட் என்னும் எழுத்தாளரும் அவர்தம் தோழியரும் 1834-ஆம் ஆண்டு இறுதியில் சிறு சந்தை ஒன்றை நடத்தினர். தாமே தைத்த ஆடைகளையும் பின்னல் வேலைகளையும் பண்டங்களையும் அங்கே விற்றனர். நம் பள்ளிகளில் பெற்றோர் கூடி உணவுச் சந்தை நடத்துவது போன்றதே இது.

சைல்ட் அம்மையார் இதற்கு முன்பே பெருவிலை கொடுத்தவர். சிறுவர்க்கு நூலெழுதிப் புகழ்பெற்றிருந்த அவர், 1833-இல் அடிமைமுறையைக் கண்டித்து நூல் ஒன்று எழுதினார். அதனால் வாசகரை இழந்தார். நகரத்துப் பெரிய நூலகம் அவருக்குத் தந்திருந்த உரிமையையும் பறித்துக்கொண்டது. எழுத்தினால் அறம் செய்ய முனைவோர் முதலில் இழப்பது தம் வருவாயையே என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அடுத்த சில ஆண்டுகளில் சந்தைப் பொறுப்பு சாப்மன் அம்மையாரிடம் வந்தது. அவர் அதனை வளர்த்த திறம் வியக்கத்தக்கது. சந்தை ஆண்டுதோறும் கிறித்துமசு, புத்தாண்டுக் காலத்தில் நடந்தது. பரிசுப்பொருள் வாங்க மக்கள் கடைத்தெருவுக்கு வரும் காலம் அது. மண்டபத்தைப் பசுந்தழைகளால் அணிசெய்தனர். விற்பனைப் பண்டங்களிலேயே கொள்கையை எழுதினர். எழுதுகோல் துடைக்கும் துணியில், அடிமைமுறை என்னும் கறையைத் துடைப்போம் என்ற கருத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஊசிகளைச் செருகிவைக்கும் சிறு பையில், இவ்வூசிமுனை அடிமை உடையாரின் மனச்சான்றைக் குத்துக என்ற கருத்து இருந்தது. வாங்கிச் சென்றவர் அவற்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் அச்சொற்களையும் காண வேண்டும் அன்றோ!

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்தும் பெண்டிர் குழுக்கள் பெட்டி பெட்டியாகக் கைவேலைப் பொருள்களை அனுப்பின. எடின்பரோவில் பின்னிய சால்வை பாஸ்டனில் விலைபோயிற்று. அப்பணம் நியூயார்க்கில் அச்சான அடிமை ஒழிப்புக் கிழமை இதழுக்கும், ஊர் ஊராகச் சென்று பேசிய சொற்பொழிவாளருக்கும் பயன்பட்டது. தொடக்கத்தில் சில நூறு டாலர் ஈட்டிய சந்தை, பின்னர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஈட்டிற்று.

மலர் பிறந்த கதை

அக்காலத்தில் ஆங்கில நாடுகளில் ‘பரிசு நூல்’ என்றொரு வகை பரவியிருந்தது. 1822-ஆம் ஆண்டு இறுதியில் இலண்டனில் ஆக்கர்மன் என்னும் பதிப்பாளர் வெளியிட்ட ஆண்டு மலர் இதற்கு வழிகாட்டிற்று. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும் அத்தகைய மலர்கள் தோன்றின. கவிதை, கதை, கட்டுரை, ஓவியம் யாவும் கலந்து, நல்ல கட்டடமும் பொன் விளிம்பும் பெற்று, புத்தாண்டில் ஒருவர்க்கொருவர் பரிசாகத் தருவதற்கென்றே அவை செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை மாலைப்பொழுதின் இனிமை, காதலின் மென்மை என்று பாடி அமைந்தன. நாட்டைப் பிளந்துகொண்டிருந்த அடிமைமுறையைப் பற்றி வாய்திறக்க அவற்றின் பதிப்பாளர் அஞ்சினர். தென்னாட்டு வாசகரை இழக்க யார் விரும்புவர்?

சாப்மன் அம்மையார் அந்த உருவத்தையே எடுத்துக்கொண்டார்; உள்ளடக்கத்தை மாற்றினார். வரவேற்பறை மேசைமேல் அழகாகக் கிடக்கும் ஒரு சிறு நூலைத் திறந்தால், உள்ளே அடிமையின் துயரம் இருக்கும். 1839-இல் முதல் தொகுதி வந்தது.

அடுத்த ஆண்டு மலர் இல்லை. சங்கம் அப்போது பிளவுபட்டுக் கொண்டிருந்தது. பெண்கள் பொதுமேடையில் ஆடவரோடு ஒப்ப நின்று பணியாற்றலாமா, திருச்சபைத் தலைவர்களைக் கண்டிக்கலாமா என்பன போன்ற கேள்விகள் உறுப்பினரைப் பிரித்தன. 1840-இல் ஒரு சாரார் தனிச்சங்கம் கண்டனர். பொதுப்பணி மன்றங்களில் பிளவு என்பது தமிழர்க்கு மட்டுமே உரிய நோய் என்று வருந்துவோர் இதனை நினைவிற் கொள்ளலாம். பிளவுக்குப் பின்னும் சாப்மன் அம்மையாரின் குழு சந்தையையும் மலரையும் தொடர்ந்து நடத்தியது. 1841-இல் மலர் மீண்டும் வந்தது. 1842-இல் கணவரை இழந்த பின்னும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1848 முதல் 1855 வரை ஐரோப்பாவில் வாழ்ந்தபோதும் அங்கிருந்தே எழுத்தாளர்களைத் தேடிக் கட்டுரைகள் பெற்றார். பாஸ்டனில் தங்கையர் சந்தையைக் கவனித்துக்கொண்டனர்.

மணிக்கு வந்த பெயர்

மலரின் பெயரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பிலடெல்பியா நகரின் பழைய ஆட்சி மன்றக் கட்டடத்தில் பெரிய வெண்கல மணி ஒன்று இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவப்பட்ட அம்மணியின்மேல், நாடெங்கும் வாழ்வார் யாவர்க்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லும் விவிலிய வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், நெடுங்காலம் அதற்கு ‘விடுதலை மணி’ என்ற பெயர் வழங்கவில்லை. ஆட்சி மன்ற மணி என்றே அழைத்தனர்.

யாவர்க்கும் விடுதலை என்று முழங்கும் மணியின் நிழலில் இலக்கக்கணக்கானோர் அடிமைகளாக வாழ்வது எத்துணை முரண் என்று சுட்டியவர்கள் அடிமை ஒழிப்பாளர்களே. 1835-இல் நியூயார்க்கில் அவர்கள் நடத்திய இதழ் ஒன்று அம்மணியை ‘விடுதலை மணி’ என்று குறித்தது. 1839 முதல் பாஸ்டன் மலர் அப்பெயரைப் பரப்பியது. இன்று அம்மணி அமெரிக்க நாட்டின் பெருஞ்சின்னம். ஆண்டுதோறும் இலக்கக்கணக்கானோர் அதனைக் காணச் செல்கின்றனர். அதன் பெயர் அடிமைகளுக்காக வாதாடியவர்கள் இட்டது என்பதை அறிந்தவர் அவர்களுள் சிலரே. ஒரு சிறு மலரும் அதன் தோழமை இதழ்களும் ஒரு நாட்டின் சின்னத்துக்குப் பெயர் நிலைக்கச் செய்தன. இந்த வரவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாதது.

எழுதியோர்

மலருக்கு எழுதியவர்க்கு ஊதியம் இல்லை. அவர் பெற்றது மலரின் படி ஒன்றே. எனினும் எழுதியோர் பட்டியல் பெரியது. அமெரிக்கக் கவிஞருள் லாங்ஃபெல்லோ, லோவல் ஆகியோரும், அறிஞர் எமர்சனும் எழுதினர். இங்கிலாந்திலிருந்து ஹாரியட் மார்ட்டினோ எழுதினார். பிரெஞ்சு அறிஞர் டொக்வில், அமெரிக்க மக்களாட்சியைப் பற்றி ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றவர், 1856-ஆம் ஆண்டு மலரில் அடிமைமுறைக்கு எதிராகத் தம் சான்றுரையைத் தந்தார். தம் நாட்டைப் புகழ்ந்த ஒருவரே அதன் கறையைச் சுட்டும்போது அமெரிக்கர் அதனைப் பகைவர் கூற்றென்று தள்ளிவிட இயலாது. அவரைத் தேடிப் பெற்றதில் ஆசிரியரின் நுண்ணறிவு புலனாகின்றது.

இம்மலரால் பிறந்த இலக்கியத்துள் சிறந்தது எலிசபெத் பாரெட் பிரௌனிங் அம்மையாரின் நெடும்பாட்டு. ஓடிவந்த அடிமைப்பெண் ஒருத்தியின் கூற்றாக அமைந்த அது, 1848-ஆம் ஆண்டுக்குரிய மலரில் வெளிவந்தது. விடுதலை வேட்கையோடு வந்த முதற் குடியேறிகள் கரையிறங்கியதாகப் போற்றப்படும் பாறையருகே அப்பெண் நிற்கின்றாள். தன் காதலனைப் பறித்து, தன்னைக் கெடுத்தவரால் பிறந்த குழந்தையின் வெள்ளை முகத்தைக் காணப் பொறாது, அதனைத் தன் கையாலேயே கொன்றதைச் சொல்கின்றாள். அமெரிக்கர் அச்சிடத் தயங்கும் அளவுக்குப் பாட்டில் வெம்மை மிகுந்துவிட்டதோ என்று கவிஞரே ஐயுற்றார். சாப்மன் அம்மையார் தயங்கவில்லை.

இப்பாட்டின் பின்னணி நினைக்கத்தக்கது. பாரெட் குடும்பத்தின் செல்வம் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளின் உழைப்பில், விளைந்தது. அந்தச் செல்வத்தில் வளர்ந்தவர் கையிலிருந்தே இந்தக் குரல் எழுந்தது. ‘விடுதலை மணி’ கேட்டிராவிட்டால் அவர் இதனை எழுதியிருப்பாரா? அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் அம்மலருக்காகவே எழுதப்பட்டது என்பது உறுதி. நல்ல மலராசிரியர் கட்டுரைக்குக் காத்திருப்பவர் அல்லர். எழுத வேண்டியவரைக் கண்டு, எழுத வேண்டியதை எழுதவைப்பவர்.

யாருக்காகவோ அவர் எங்கே?

இம்மலரைப் போற்றுவோர் அதன் குறையையும் மறைத்தல் கூடாது. 15 தொகுதிகளிலும் எழுதியவருள் பெரும்பாலோர் வெள்ளையரே. அடிமைத்தளையிலிருந்து மீண்டு வந்தவர்கள், கறுப்பின எழுத்தாளர்கள், மிகச் சிலரே இடம்பெற்றனர். அச்சிலருள் தலையாயவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பிவந்து, அடிமை ஒழிப்புச் சங்கத்தின் சொற்பொழிவாளராகி, நாவன்மையால் நாட்டை அசைத்தவர் அவர். 1845-ஆம் ஆண்டுக்குரிய மலரில் அவர் கட்டுரை ஒன்று வந்தது. அவருடைய புகழ்பெற்ற தன்வரலாறு வெளிவருவதற்குச் சில திங்கள் முன்னர். மற்றொருவர் வில்லியம் வெல்ஸ் பிரௌன், அவரும் தப்பிவந்தவரே. அவர் கட்டுரை 1848-ஆம் ஆண்டு மலரில் உள்ளது.

டக்ளசுக்கும் சாப்மன் அம்மையாருக்கும் இடையே நேர்ந்த மனவேறுபாடு அறப்பணி செய்வோர் யாவரும் அறிய வேண்டுவது. 1845-இல் டக்ளஸ் அயர்லாந்துக்கும் பின்னர் பிரிட்டனுக்கும் சென்று சொற்பொழிவாற்றினார். அங்கே பிறர் பணங்காட்டி அவரைத் தம் பக்கம் இழுத்துவிடக்கூடும் என்று ஐயுற்ற சாப்மன் அம்மையார், அவரைக் கண்காணிக்குமாறு டப்ளின் நண்பர் ஒருவர்க்கு மடல் எழுதினார். மடலின் செய்தி டக்ளசின் காதுக்கும் எட்டிற்று. 1846-இல் அவர் அம்மையாருக்கே நேரில் எழுதினார். தம்மை நம்பாது காவல் வைத்தமை தம்மைப் புண்படுத்தியது என்பதை மரியாதை குன்றாமல், ஆனால் ஒளிவுமறைவின்றி அறிவித்தார்.

அடிமையின் விடுதலைக்காகத் தம் நல்வாழ்வையெல்லாம் கொடுத்தவர், விடுதலை பெற்ற ஒருவரைத் தமக்கு ஒப்பானவராக நடத்தத் தவறினார். உதவி செய்வோர் உள்ளத்தில் உதவி பெறுவோரை ஆளும் எண்ணம் தமக்குத் தெரியாமலே புகுந்துவிடுகின்றது. இது தீயோரிடம் மட்டும் காணும் குறையன்று, நல்லோரிடமும் காண்பது. அதனாலேயே அஞ்சத்தக்கது.

டக்ளஸ் 1847-இல் ராச்செஸ்டர் நகரில் தமக்கென ஒரு செய்தித்தாள் தொடங்கினார். அதன் கடன் சுமையைக் குறைக்க ஜூலியா கிரிஃபித்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் முன்வந்தார். பாஸ்டன் மலரின் முறையையே பின்பற்றி, 1853-ஆம் ஆண்டும் 1854-ஆம் ஆண்டும் ராச்செஸ்டர் மகளிர் சங்கத்தின் சார்பில் மலர்கள் தொகுத்தார். ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் எழுதியவரின் கையொப்பம் அச்சாகியிருந்தது. ‘விடுதலைக்காகக் கையொப்பங்கள்’ என்பதே மலரின் பெயர்க் கருத்து. அடிமைமுறைக்கு எதிராக வெளிப்படையாகக் கையொப்பமிடுவதே அந்நாளில் ஒரு செயல் அன்றோ! முதல் மலரில் டக்ளஸ் எழுதிய நெடுங்கதை ஒன்று உள்ளது. கப்பலில் கிளர்ந்தெழுந்து தன்னையும் தோழரையும் மீட்டுக்கொண்ட அடிமை வீரன் ஒருவனைப் பற்றியது அது. ஆப்பிரிக்க அமெரிக்கர் எழுதிய புனைகதைகளுள் தொடக்கக் காலத்தனவற்றுள் ஒன்றாக இன்று அறிஞர் அதனைப் போற்றுகின்றனர். ‘விடுதலை மணி’ பிறருக்காகப் பேசிற்று. ராச்செஸ்டர் மலரில் அப்பிறரே பேசினர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

வரவும் செலவும்

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். மலரால் கிடைத்தது என்ன?

பணத்தைப் பொறுத்தவரை, மலர் சந்தையின் பண்டங்களுள் ஒன்றே. சந்தையின் வருவாயில் பெரும்பங்கு பின்னல் வேலைக்கும் தையலுக்கும் பிற பொருள்களுக்கும் உரியது. நிதி ஒன்றே குறியாயின், தாள் வாங்கி, அச்சிட்டு, கட்டி, விற்கும் தொல்லை வேண்டியதில்லை. இதனைச் சாப்மன் அம்மையாரே பின்னர் உணர்ந்தவர்போல், 1858-இல் சந்தையை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கொரு முறை நண்பர் கூடி நேரே நன்கொடை வழங்கும் முறையைக் கொண்டுவந்தார். அவ்வாண்டோடு மலரும் நின்றது. பணம் திரட்டும் வழியாக மட்டும் நோக்கினால் அம்முடிவு சரியே.

ஆனால் சந்தையும் மலரும் நின்றபோது நின்றவை வேறு சிலவும் உண்டு. பெட்டிகளில் கைவேலை அனுப்பிய தொலைநாட்டுப் பெண்டிர்க்குப் பணியாற்ற ஒரு வாயில் குறைந்தது. பணம் கொடுக்க இயலாத ஏழைப்பெண் ஒருத்தி, ஒரு மாலைப் பொழுதில் தைத்த சிறு பையால் இவ்வறத்தில் பங்கு கொண்டிருந்தாள். நேரடி நன்கொடை முறையில் அவளுக்கு இடமில்லை. ஆண்டுதோறும் எழுத்தாளர் ஒருவரையேனும் அணுகி, நீர் எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் விடையை அச்சிலேற்றிய வாய்ப்பும் போயிற்று. அறப்பணிக்கு வேண்டுவது பணம் மட்டுமன்று. பலர் கைகளும் வேண்டும். பணம் ஒருவரிடமிருந்தே வரக்கூடும். கைகள் பலராலன்றி வாரா.

1865-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமைமுறை அமெரிக்காவெங்கும் ஒழிந்தது. அதற்குப் பெரும்போர் ஒன்று நடக்க வேண்டியிருந்தது. மலர்தான் ஒழித்தது என்று யாரும் கூறார். ஆனால் அடிமைமுறை தவறு என்ற எண்ணம் ஒரு சிலரிடமிருந்து பலருக்குப் பரவ 30 ஆண்டு பிடித்தது. அந்த 30 ஆண்டுகளில் 20 ஆண்டு இம்மணி ஒலித்தது.

நமக்குள்ள தொடர்பு

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1835-இல் பாஸ்டன் கும்பல் தேடிய ஜார்ஜ் தாம்சன், 1839-இல் இலண்டனில் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர். இந்திய உழவன் விளைவிக்கும் பருத்தி பெருகினால் அடிமைப் பருத்திக்கு விலை குறையும் என்பது அவர் வாதம். துவாரகநாத் தாகூரோடு இந்தியாவுக்கு வந்து 1843-இல் கல்கத்தாவில் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

மற்றொரு தொடர்பு இதனினும் நெருக்கமானது, துயரமானது. பிரிட்டிஷ் பேரரசில் 1834 ஆகஸ்டு முதல் நாள் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடிமை உடையார்க்கு 2 கோடி பவுன் இழப்பீடு கிடைத்தது. அடிமைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அவ்வாண்டே மொரீசியசுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். அதே முறையில் தமிழர் பலர் பினாங்கின் எதிர்க்கரையில் உள்ள கரும்புத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டனர். மலாயாவில் ஒப்பந்த முறை ஒழிந்தது 1910-இல்தான். ஒரு தளை அறுந்தபோது அதனினும் மெல்லிய வேறொரு தளை நம் முன்னோர் கால்களில் ஏறிற்று. அவர்களுக்காகப் பாஸ்டனில் மணி ஒலிக்கவில்லை. அவர்களுள் தம் கதையை எழுதிவைத்தவரும் அரியர்.

ஆசிரியர் கவனத்திற்கு

இக்கட்டுரையைப் படிப்போருள் பலர் மலர்க்குழுக்களில் இருந்தவர், இனியும் இருப்பவர். அவர்கள் முன் இரண்டு கருத்துகளை வைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, யாருக்காக நிதி திரட்டுகின்றோமோ அவரையே எழுதச் செய்தல் வேண்டும். பள்ளிக்கட்டட மலரில் அமைச்சர் வாழ்த்தும் தலைவர் வாழ்த்தும் புரவலர் வாழ்த்தும் 20 பக்கம் இருக்கும். அப்பள்ளியில் பயிலும் மாணவன் எழுதியது அரைப்பக்கம் இருக்கும். சில வேளை அதுவும் இராது. தோட்டத்தில் வளர்ந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த மூதாட்டி ஒருவர் இன்னும் உயிரோடிருப்பார். அவரிடம் சென்று அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வெளியிட்டால், அம்மலர் வாழ்த்துகள் மறைந்த பின்னும் வாழும். டக்ளஸ் தந்த பாடம் இதுவே.

இரண்டாவது, மலரைக் காத்தல் வேண்டும். ‘விடுதலை மணி’யின் தொகுதிகள் நூலகங்களில் பேணப்பட்டமையால்தான் இன்று நாம் அவற்றைப் பற்றிப் பேச முடிகின்றது. நம் மலர்களோ விழா முடிந்த மறுநாளே பழந்தாளோடு சேர்கின்றன. பெயர் தெரியாத ஓர் ஊரின் பள்ளி எப்போது தோன்றியது, முதல் ஆசிரியர் யார், கொட்டகைக்குக் கூரை போட்டவர் யார் என்னும் செய்திகள் அம்மலர்களில் அன்றி வேறெங்கும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் இடம்மாறி, பழைய மக்கள் நகரங்களுக்குச் சிதறிப்போன பின், நம் வரலாற்றை எழுத முனைவோர்க்கு அவையே கல்வெட்டுகள். ஒவ்வொரு மலரிலும் ஆண்டையும் இடத்தையும் தெளிவாக அச்சிடுங்கள். படங்களுக்குக் கீழே பெயர்களைத் தவறாமல் குறியுங்கள். சில படிகளை நூலகத்திற்கு அனுப்பிவையுங்கள்.

மிஞ்சியது எவ்வளவு என்று இனி யாரேனும் கேட்டால், பொருளாளர் பணக்கணக்கைச் சொல்லட்டும். எழுதவைத்தது யாரை, காத்துவைத்தது எதனை என்ற கணக்கை மலராசிரியர் சொல்லட்டும். பின்னைய கணக்கில் மிச்சம் இருக்குமாயின், அம்மலர் வீண்போகவில்லை.